தணிக்கத் தெரிந்த கை: சிறுவர் தற்காப்பு பற்றி ஓர் ஆய்வு

கந்த சஷ்டி வந்தால் முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை விழுவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். அதே நாளில் திருத்தணி மலையில் சம்ஹாரம் கிடையாது. சண்முகருக்குக் கூடை கூடையாகப் பூச்சொரிந்து புஷ்பாஞ்சலி செய்வார்கள். சூரனோடு பொருத சினமும், வள்ளிக்காக வேடரோடு மோதிய சினமும் ஆறி முருகன் வந்து அமர்ந்த மலை இது என்பது தலபுராணம். செரு தணிந்ததால் செருத்தணி, அதுவே திருத்தணி ஆயிற்று என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். போர் செய்யத் தெரிந்த கடவுள்தான் இங்கே தணிந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கையாலாகாதவன் சும்மா இருப்பதைத் தணிவு என்று யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கூட வாசலில் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தராமல் விட்டது இந்த வேறுபாட்டைத்தான்.

ஊர் நிலவரம்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் தினமும் கல்லூரி மாணவர்கள் ஏறுகிறார்கள். பஸ் தடத்துக்கும் ரயில் தடத்துக்கும் ஒரு தலைவன், ‘ரூட்டு தல’ என்று அவனுக்கு ஒரு பட்டம், தடத்தின் பெயரைக் கத்திக்கொண்டு ஊர்வலம், எதிர்க் கல்லூரிக்காரனைக் கண்டால் அடிதடி. சென்னையின் பழைய கல்லூரிகளைப் பிடித்த இந்த நோய் திருத்தணித் தடத்தையும் விடவில்லை. 2024 அக்டோபரில், திருத்தணிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்கப் போய்வந்த கல்லூரி மாணவர் ஒருவர், வேறொரு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் சென்னையில் இறந்தார். 2025 டிசம்பர் கடைசியில் திருத்தணி ரயில் நிலையத்துக்கு அருகே வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரைச் சிறுவர்கள் நால்வர் அரிவாளால் வெட்டி, அதைக் கைப்பேசியில் படமும் பிடித்தார்கள். நால்வருக்கும் வயது 17.

இவை குற்றங்கள், காவல்துறையும் நீதிமன்றமும் பார்க்க வேண்டியவை. ஆனாலும் 17 வயதுக் கை திடீரென்று அரிவாளைத் தேடிப் போவதில்லை. சீண்டல் பற்றிய ஆய்வுக்கு உலக அளவில் அடித்தளம் போட்டவர் டான் ஓல்வேயஸ். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை சக மாணவர்களைத் துன்புறுத்திய ஆண்பிள்ளைகளை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் 24 வயதுக்குள் ஏதேனும் ஒரு குற்றத்துக்காவது தண்டனை பெற்றிருந்தார்கள். ஆகவே சீண்டலைத் தொடக்கத்திலேயே நிறுத்துவதில் அடிவாங்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, அடிக்கும் பிள்ளைக்கும் நன்மை இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘புல்லியிங்’ எனப்படும் இதற்கு நம் மொழியில் ஒற்றைச் சொல் நிலைபெறவில்லை. வம்புக்கு இழுக்கிறான், சீண்டுகிறான், கலாய்க்கிறான் என்று பலவாறு சொல்கிறோம். இலங்கைத் தமிழர் ராகிங்கைப் ‘பகடிவதை’ என்கிறார்கள். ஓல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவர் பலத்துக்கிடையே ஏற்றத்தாழ்வு இருப்பது. சம பலமுள்ள இருவர் ஒரு நாள் கட்டிப் புரண்டால் அது சண்டை. மாலையில் ஒன்றாகக் கோலி ஆடுவார்கள். ஒருவனே தினமும் அடிபட்டால் அது சீண்டல். உலகப் பள்ளி மாணவரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் சீண்டலுக்கு ஆளானவர் என்று யுனெஸ்கோ 2019இல் தொகுத்துச் சொன்னது.

வீடு சொல்லும் இரண்டு பதில்கள்

அழுதுகொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு நாம் வைத்திருப்பவை இரண்டே பதில்கள். அப்பாவின் பதில் பெரும்பாலும் ‘திருப்பி அடிடா’. திருத்தணியில் தெலுங்கு பேசும் வீடாக இருந்தால் ‘திரிகி கொட்டு’. 1960 ஏப்ரல் 1இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. எல்லைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இந்த அறிவுரை மட்டும் மாறவில்லை. அம்மாவின் பதில் ‘மிஸ்கிட்ட சொல்லு’.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். அது பாதிதான் தவறு. அடிபடுகிறவன் ஏதேனும் செய்தாக வேண்டும், அசையாமல் நின்றால் நாளைக்கும் அடி விழும் என்ற கணிப்பு சரி. ஆனால் எப்படி, எவ்வளவு, எதுவரை என்பதை ‘திருப்பி அடி’ சொல்லவில்லை. 2011இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்ததை உலகமே பார்த்தது. பள்ளி நடைபாதையில் ஒரு சிறுவன் தன்னைவிடப் பெரிய உடம்புக்காரனைக் குத்திச் சீண்டுகிறான். நெடுங்காலம் பொறுத்திருந்த பெரியவன் திடீரென அவனைத் தூக்கித் தரையில் அறைகிறான். இணையம் அவனை வீரன் என்று கொண்டாடியது. பள்ளி இருவரையும் தற்காலிகமாக நீக்கியது. சீண்டிய சிறுவனின் தலை அந்த சிமெண்டில் மோதியிருந்தால் பாதிக்கப்பட்டவனே கொலைகாரனாகியிருப்பான். ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பழமொழி எச்சரிப்பது, அடக்கி வைத்த கோபத்துக்கு அளவு தெரியாது என்பதை.

இரண்டாவது பதிலும் பாதிதான் சரி. சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடி விழும் இடத்தில் மிஸ் இருப்பதில்லை. கழிப்பறைப் பக்கம், சைக்கிள் ஸ்டாண்ட், மதிய உணவு வரிசை, பள்ளி விட்டுப் போகும் சந்து, ரயில் பெட்டி இவைதான் அதன் இடங்கள். அங்கே நடக்கும் முதல் பத்து விநாடிக்கு எந்த ஆசிரியரும் துணை வர முடியாது. சொன்ன பிறகு காப்பு இல்லையென்றால் புகாரே ஆபத்தாகவும் முடியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. சக மாணவர்களின் சாதிச் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்திய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், பள்ளியில் கேட்டபோது நடந்ததை எழுதிக் கொடுத்தார். அன்றிரவே அவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சொல்வது கடமை என்றால், சொன்னவனைக் காப்பது அதைவிடப் பெரிய கடமை.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. எதிரிக்குக் காயம் வராமல் தன்னை விடுவித்துக்கொண்டு, அங்கிருந்து விலகி, பெரியவரிடம் போய்ச் சேரும்வரை உள்ள அந்தச் சிறு நேரத்தைக் கையாளும் திறமை. காயம் செய்யாத் தற்காப்பு என்று இக்கட்டுரை சொல்வது அதைத்தான்.

உடம்புக்கு என்ன கற்றுத்தருவது

சிறுவர் சண்டை சினிமாச் சண்டை போல நடப்பதில்லை. சட்டையைப் பிடிப்பது, மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது, பின்னாலிருந்து கழுத்தைக் கையால் வளைப்பது, தள்ளிவிடுவது, விழுந்தவன் மேல் ஏறி உட்கார்வது. பெரும்பாலும் இவ்வளவுதான். ஆகவே கற்றுத்தர வேண்டியதும் கொஞ்சம்தான்.

முதல் பாடம் நிற்பது. ஒரு காலைச் சற்றுப் பின்வைத்து, உள்ளங்கைகள் எதிரிக்குத் தெரியும்படி மார்புக்கு முன்னே உயர்த்தி, ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். முஷ்டி மடக்கினால் சண்டைக்கு அழைப்பாகிவிடும். விரித்த கை ‘வேண்டாம்’ என்கிறது. தேவைப்பட்டால் தடுக்கவும் செய்யும். கூடவே குரல். ‘வேணாம், நிறுத்து’ என்று வயிற்றிலிருந்து ஒரே தடவை உரக்கச் சொல்லப் பழக வேண்டும். கெஞ்சுவதும் கெட்ட வார்த்தை சொல்வதும் எதிரிக்குச் சுவையூட்டும். உரத்த, தெளிவான ஒரு சொல் சுற்றியிருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இரண்டாவது, பிடியிலிருந்து விடுபடுவது. யார் மணிக்கட்டைப் பிடித்தாலும் நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடமே பிடியின் பலவீனம். பின்பக்கம் இழுத்தால் நான்கு விரலோடு மல்லுக்கட்ட வேண்டும். கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து உருவினால் தன்னைவிடப் பெரியவனின் பிடியும் விட்டுப்போகும். பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் இதைப் புரிந்துகொள்ளும்; கைவர ஒரு மாதப் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, விழுவது. சிறுவர் சண்டையில் பெரிய ஆபத்து குத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. தள்ளப்பட்ட பிள்ளை இயல்பாகக் கையை ஊன்றும். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது அப்படித்தான். பின்னால் விழுந்தால் பின்மண்டை அடிபடும். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு, இரு கைகளாலும் தரையைத் தட்டி வேகத்தை வெளியேற்றுவது ஜூடோவின் முதல் பாடம். ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கொடோக்கானைத் தொடங்கிய நாளிலிருந்து, வீழ்த்தக் கற்பதற்கு முன் விழக் கற்க வேண்டும் என்பதே அங்கு முறை. சைக்கிளிலிருந்து விழும்போதும் இந்தப் பாடம் உதவும்.

நான்காவது, அணைத்து நிறுத்துவது. குத்துக்கு வீச்சு வேண்டும், இடைவெளி வேண்டும். சரமாரியாகக் கை வீசுபவனிடமிருந்து விலக வழியில்லாவிட்டால், தலையை அவன் தோளில் பதித்து, அவன் கைகளுக்கு மேலாகவோ இடுப்பைச் சுற்றியோ இறுக அணைத்துக்கொண்டால் அடியில் வேகம் இருக்காது. குத்துச்சண்டையில் களைத்தவன் எதிராளியைக் கட்டிக்கொள்வது இதற்காகத்தான். யாராவது வந்து பிரிக்கும்வரை இது போதும்.

ஐந்தாவது, விட்டுவிடுவது. பிடி தளர்ந்தவுடன் விலகி ஓட வேண்டும். ‘இன்னும் ஒரு அடி’ என்று கை துறுதுறுக்கும் அந்த விநாடியில்தான் தற்காப்பு தாக்குதலாக மாறுகிறது. பயிற்சி தரும் பலரும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார்கள்.

கற்றுத்தரக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கழுத்தை நெரிப்பது, கண்ணையும் தொண்டையையும் தாக்குவது, விரலை முறிப்பது, மூட்டை எதிர்த்திசையில் மடக்குவது எதுவும் சிறுவருக்கு வேண்டாம். வளரும் எலும்பின் முனையிலுள்ள குருத்துப் பகுதி அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். ஜப்பானியச் சிறுவர் ஜூடோவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெரிப்பும் மூட்டுப் பூட்டும் தடை. நம் தென்மாவட்ட வர்ம ஆசான்களும் வர்மப் புள்ளிகளைக் கடைசியாக, அதுவும் சீடனின் குணம் பார்த்தே சொல்லித்தந்தார்கள். அந்த எச்சரிக்கை வெறும் மூடுமந்திரம் அல்ல.

நம்மிடமே உள்ள பள்ளி

இந்த ஐந்து பாடங்களையும் வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டியதில்லை. சடுகுடு ஆடிய ஊருக்கு இவற்றில் பாதி தெரியும். கபடியில் ஏழு பேர் ஒருவனைப் பிடிக்கிறார்கள், அடிப்பதில்லை. முடியைப் பிடிக்கக் கூடாது, உடுப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, வாயைப் பொத்தக் கூடாது, கழுத்தை நெரிக்கக் கூடாது. நடுவர் விசில் ஊதினால் பிடித்த பிடியை உடனே விட வேண்டும். கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புப் பிடி எல்லாமே ஒருவனைக் காயப்படுத்தாமல் நிறுத்தும் வித்தைகள். பாடிப் போகிறவனோ, பல கைகள் பிடித்தபோதும் பதறாமல் மூச்சைக் காத்து வழி தேடக் கற்கிறான். அடிபடும் பிள்ளைக்கு வேண்டிய மனநிலை இதுவே. ஆனால் நம் பள்ளிகளில் கபடி, அணிக்குத் தேர்வான பத்துப் பன்னிரண்டு பேரின் ஆட்டமாகிவிட்டது. அணியில் சேர முடியாத ஒல்லிப் பையன்தான் சீண்டலுக்கு ஆளாகிறான். கபடி அவனுக்கே அதிகம் தேவை.

சிலம்பத்திலும் கம்பு வீச்சுக்கு முன்னே காலடி வருகிறது. சுவடு பழகிய பிள்ளைக்கு எந்தத் தூரத்தில் நின்றால் அடி படாது என்பது கால் வழியாகவே தெரியும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபின் வகுப்புகள் ஊருக்கு ஊர் பெருகியுள்ளன. பதக்கமும் சான்றிதழும் நோக்கமாகிவிட்ட இடங்களில் குச்சி சுழற்றும் அழகு மிஞ்சி, சுவடும் பிடிவரிசையும் பின்னுக்குப் போகின்றன.

கராத்தே வகுப்பு இல்லாத தாலுகா ஊர் இன்று இல்லை. நிற்கும் நேர்த்தி, குரல், கட்டுப்பாடு ஆகியவற்றை அது நன்றாகத் தருகிறது. ஆனால் அதன் கருவிகள் குத்தும் உதையும். மாலை வகுப்பில் ஓடு உடைத்த பிள்ளைக்கு, மறுநாள் சட்டையைப் பிடிப்பவனிடம் எதைச் செய்வது என்று தெரிவதில்லை. முழுக்குத்து விடலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். ஜூடோ, ஜியு-ஜிட்சு, மற்போர் போன்ற பிடிக்கலைகள் இடைப்பட்ட படிகளைத் தருகின்றன. அந்த வகையில் இங்கு பேசும் நோக்கத்துக்கு அவை பொருத்தம்.

பொருத்தமானதும் கவனக்குறைவால் உயிரைக் குடிக்கும். ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் ஜூடோ பயிற்சியின்போது 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்ததை நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர் ரியோ உச்சிதா வெளிக்கொணர்ந்தார். பலருக்குத் தலைக்காயம், புதிதாகச் சேர்ந்தவர்களே அதிகம் பலியானார்கள். 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயமானபோது அங்கே பெரிய விவாதம் எழுந்ததற்கு இதுவே காரணம். காயமில்லாத் தற்காப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு வெறும் சிமெண்ட் தரையில் பிள்ளைகளைத் தூக்கிப் போடும் பயிற்சியை எந்தப் பெற்றோரும் ஒப்பக் கூடாது. மெத்தையோ, குறைந்தது ஆற்று மணல் கொட்டிய களமோ இல்லாத இடத்தில் வீழ்த்தும் பயிற்சி வேண்டாம்.

ஆய்வுகள் காட்டும் திசை

தற்காப்புக் கலை பிள்ளையை முரடனாக்குமா, சாந்தனாக்குமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே பதில் தரவில்லை. ஆனால் பதில்கள் பிரியும் இடம் சுவையானது.

1986இல் மைக்கேல் ட்ரல்சன் அமெரிக்காவில் சட்டச் சிக்கலில் மாட்டிய 13 முதல் 17 வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒன்றுக்கு மரபுவழி டேக்வாண்டோ: வணக்கம், தியானம், நெறி, கட்டுப்பாடு எல்லாம் சேர்த்து. இன்னொன்றுக்கு உத்திகள் மட்டும். மூன்றாவது குழு ஓட்டமும் கூடைப்பந்தும். ஆறு மாதத்தில் முதல் குழுவின் ஆக்ரோஷம் குறைந்தது; இரண்டாவது குழுவினுடையது கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் அடி ஒன்றாக இருந்தும் கற்றுத்தந்த முறையால் விளைவு மாறியது. 2005இல் ஓல்வேயஸும் இங்கர் எண்ட்ரெசனும் நார்வேயில் செய்த ஆய்வு இன்னும் கசப்பானது. குத்துச்சண்டை, மற்போர், பளுதூக்குதல், கீழைத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் சேர்ந்த பையன்களிடம் களத்துக்கு வெளியே வம்புதும்பு கூடியது. 2017இல் ஹார்வுட்டும் இஸ்ரேலியச் சகாக்களும் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, மொத்தத்தில் ஆக்ரோஷம் குறையும் பக்கமே தராசு சாய்ந்தது.

நம் கேள்விக்கு மிக நெருங்கிய முயற்சி, மனநல மருத்துவர் ஸ்டூவர்ட் ட்வெம்லோ அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய ‘மென்மையான வீரர்கள்’ திட்டம். விடுபடும் உத்திகளோடு, மூச்சு, கதை, நடிப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லித்தந்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, அதிக வகுப்புகளுக்கு வந்த ஆண்பிள்ளைகளிடம் ஆக்ரோஷம் குறைந்தது. அடிபடுபவனுக்கு உதவப் போகும் வழக்கம் கூடியது. பெண்பிள்ளைகளிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை.

உதவப் போகும் வழக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்ளர், க்ரெய்க் ஆகியோர் பள்ளி மைதானங்களை ஒளிப்பதிவு செய்து 2001இல் எழுதினார்கள். சீண்டல்களில் 88 சதவீதத்தில் சக பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். தலையிட்டது 19 சதவீதத்தில்தான். ஆனால் தலையிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதத்தில், பத்தே விநாடியில் சீண்டல் நின்றது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி உருவாக்கிய ‘கிவா’ திட்டம் இந்த வேடிக்கை பார்ப்பவர்களையே குறிவைக்கிறது. சீண்டுபவனுக்குத் தேவை பார்வையாளர்; அவர்கள் திரும்பிக்கொண்டால் அவன் கெத்து சரிந்துவிடும். ரூட்டு தலையின் பலமும் அவன் கையில் இல்லை, அவனுக்காகக் கத்தும் தொண்டைகளில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

தன் உடம்பைக் காத்துக்கொள்ளும் உரிமையை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையான பிரிவுகளில் வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை என்பது 37ஆம் பிரிவின் சாரம். ஐந்தாவது பாடமான ‘விட்டுவிடு’ சட்டத்திலும் இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை விளைவை உணரும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

பள்ளிகளில் இந்தப் பாகுபாடு இல்லை. சண்டை என்றால் ‘ரெண்டு பேரும் முட்டி போடுங்க’ என்பதே நீதி. அடித்தவனும் தடுத்தவனும் ஒன்றாக முட்டி போட்டால், தடுத்து என்ன பயன் என்று தடுத்தவன் கற்றுக்கொள்வான். உடல் தண்டனையையே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்பது வேறு. பிள்ளைக்குக் கட்டுப்பாட்டைச் சொல்லித்தரும் பள்ளி, யார் கட்டுப்பாட்டோடு நடந்தான் என்று விசாரிக்கவும் வேண்டும்.

அரசின் திட்டமும் அதன் இடைவெளியும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை உள்ள மாணவிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி. பயிற்சியாளருக்காகப் பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய். தமிழகத்தில் கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ, சிலம்பம் என்று பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டியது. அவர்கள் சந்திக்கும் ஆபத்தில் காயமில்லாமை என்ற எல்லையும் சில நேரம் பொருந்தாது. பாலியல் தாக்குதலுக்கு எதிராகத் தப்பிக்க எதையும் செய்யலாம் என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆண்பிள்ளைகளை இத்திட்டம் தொடவே இல்லை. தற்காப்பு பெண்ணுக்கு, வீரம் ஆணுக்கு என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. ஆனால் அடிப்பதும் அடிபடுவதும் வேடிக்கை பார்ப்பதும் அதிகம் ஆண்பிள்ளைகளே. தணிக்கக் கற்றுத்தரப்படாத பையனுக்குத் தெரு கற்றுத்தருகிறது. அங்கே பாடம் அரிவாளில் முடிகிறது. தொடக்கப் பள்ளியும் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. விழவும் விலகவும் கற்க எட்டு வயது மிகச் சரியான வயது.

எல்லைகள்

தற்காப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்வது ஏமாற்று. அது ஒருவனுக்கு ஒருவன், ஏறத்தாழ ஒத்த வயது, கையில் ஆயுதமில்லை என்ற நிலைக்கே உரியது. ஐந்து பேர் சூழ்ந்தால் ஓட வேண்டும். அரிவாளுக்கு முன் எந்தப் பிடியும் இல்லை. கைப்பேசி வழியே வரும் சீண்டலை எந்தச் சுவடும் தடுக்காது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு உத்தியைவிடத் துணை முக்கியம்.

சாதிச் சீண்டலுக்குத் தற்காப்பு வகுப்பைப் பதிலாகக் காட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், பெரிய பள்ளிகளில் நல அலுவலரை நியமிக்கவும் அது பரிந்துரைத்தது. அந்த வேலைகள் பெரியவர்களுடையவை. ஒரு பிள்ளையின் மணிக்கட்டில் அவற்றைக் கட்டி அனுப்ப முடியாது. பள்ளி முழுவதும் சேர்ந்து செயல்படும் திட்டங்கள் சீண்டலை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கின்றன என்று 2011இல் மரியா டோஃபியும் டேவிட் ஃபாரிங்டனும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். தனிப் பிள்ளையின் திறமை அந்தச் சுவரில் ஒரு செங்கல்.

என்ன செய்யலாம்

இந்த ஆய்வின் முடிவு இது: பிள்ளைக்குத் தற்காப்பு கற்றுத்தரத்தான் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும், எட்டு வயதிலிருந்து. குத்து, உதை கற்பதற்கு முன்னே ஐந்து பாடங்கள்: நிற்பது, விடுபடுவது, விழுவது, அணைப்பது, விடுவது. உத்தியை மட்டும் விற்கும் ஆசானைத் தவிர்க்க வேண்டும். கற்ற பிள்ளை அடுத்த பிள்ளைக்காக நிற்கவும் பழக வேண்டும். சொன்ன பிள்ளையை அன்று மாலை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்பதுவரை பள்ளி யோசித்திருக்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. வாரத்தில் இரண்டு உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டாலும் கொடுக்காமல் வைத்திருந்தால் போதும். மைதானத்தின் ஒரு மூலையில் மணல் கொட்டி, மொத்த வகுப்பையும் கபடி ஆடவைத்து, கூடவே இந்த ஐந்து பாடங்களைச் சேர்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இன்று மாலை பிள்ளை சட்டைப் பொத்தான் அறுந்து வந்தால் ‘நீ என்ன பண்ணினே?’ என்று தொடங்காதீர்கள். யார், எங்கே, எத்தனை நாளாக என்று கேளுங்கள், எழுதி வையுங்கள், மறுநாள் நீங்களே பள்ளிக்குப் போங்கள். பள்ளி கேட்காவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிறகு வாசலில் ஒரு பாயை விரித்து, உங்கள் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவச் சொல்லிக்கொடுங்கள்.

ஆசிரியர் தினமாக நாம் கொண்டாடும் செப்டம்பர் 5, திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள். அந்த ஊரின் பள்ளிகளிலாவது அடுத்த செப்டம்பர் 5க்குள் ஒவ்வொரு பிள்ளையும் அடிபடாமல் விழவும், அடிக்காமல் விடுபடவும் கற்றிருக்கட்டும்.